24 ஆம் திகதி நேரத்தோடு பூட்டாதேங்கோ

ஆங்கிலக் கிராமங்களில் கடையும் தபாற்கந்தோரும் நடத்தும் எங்கள் சனத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாமாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிமாரே,

நத்தார் மாதமான டிசம்பர் பிறந்தால் எங்கள் கடைக்காரருக்குள் ஒரே கேள்விதான் தொலைபேசியில் சுற்றும். "24 ஆம் திகதி எத்தனை மணிக்குப் பூட்டுறியள்?" பன்னிரண்டு என்பார் ஒருவர், இரண்டு என்பார் இன்னொருவர். அதற்குப் பிறகு கதை லண்டனுக்கு, எங்கள் சொந்தக்காரர் இருக்கும் ஹரோவுக்கும் ஈஸ்ட்ஹாமுக்கும் போய்விடும். யார் வீட்டில் சாப்பாடு, எந்தப் பாதையால் வந்தால் வாகனம் குறைவு, ஆட்டிறைச்சி யார் வாங்குவது. நானும் இந்தக் கேள்விக்குப் பல வருசமாகப் பதில் சொல்லி வருகிறேன். இந்த முறை அந்தப் பதிலை எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

24 ஆம் திகதி இருட்டும் வரைக்கும் ஊரிலேயே நில்லுங்கோ. கடையை ஐந்து மணிவரை திறந்து வையுங்கோ. பூட்டிய பிறகு ஊர் மண்டபத்துக்கோ, நத்தார்ப் பாட்டுக்காரர் நிற்கும் சந்திக்கோ, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருக்கால் போங்கோ. லண்டன் மறுநாள் விடியவும் அங்கேதான் இருக்கும். ஏன் இதைக் கேட்கிறேன் என்றால் அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

நாங்கள் இருப்பது லிங்கன்ஷயரில். இருநூறு வீடு வராத ஊர். ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு மண்டபம், எங்கள் கடை. கடைக்குள்ளேயே ஒரு மூலையில் தபாற்கந்தோர். சுற்றிவர உருளைக்கிழங்கும் கோவாவும் ஸ்ப்ரவுட் என்ற குட்டிக் கோவாவும். நிலம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத் தோட்டங்களைப் போலத் தட்டை. மண் மட்டும் சிவப்பில்லை, கறுப்பு. 2009 இல் கடையை வாங்கினோம். அதற்கு முந்திய இரண்டு வருசத்தில் நாடு முழுக்க ஏறத்தாழ 2,500 தபாற்கந்தோர்களை மூடியிருந்தார்கள். எங்களுடையது தப்பியிருந்தது. தப்பியதற்குக் காரணம் ஊர்ச்சனம் கையெழுத்து வாங்கி அலைந்ததுதான் என்பதும் எனக்கு வெகுகாலம் தெரியாது. வாங்கும்போது கணக்குப் புத்தகத்தைத்தான் பார்த்தோம்.

2010 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டியள். நூறு வருசத்துக்கு மேலாக இந்த நாடு அப்படியொரு குளிர்ந்த டிசம்பரைக் கண்டதில்லை. எங்களுக்கு அது கடையில் இரண்டாவது நத்தார். பனி கொட்டிப் பாதையில் அகப்பட்டுவிடுவோம் என்ற பயத்தில் 24 ஆம் திகதி காலை பதினொன்றரைக்கே பூட்டிவிட்டு, சின்னப் பிள்ளையைக் கம்பளியால் சுற்றிக்கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டோம். கதவில் ஒரு துண்டு ஒட்டினோம்: 28 ஆம் திகதி காலை திறக்கும்.

அன்று பின்னேரம் இரண்டு மணிபோல், தேவாலயத்துக்குப் பின்னால் தனியே இருந்த ஒரு கிழவனார் தள்ளுவண்டியோடு கடைக்கு வந்திருக்கிறார். அவருடைய வீட்டுக்கு எரிவாயு இல்லை. கணப்பில் கரி எரித்துத்தான் சூடு. கிழமைக்கு இரண்டு மூட்டைக் கரி எங்களிடம் வாங்குவார். கதவில் இருந்த துண்டை வாசித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். பழைய கோழிக்கூட்டை உடைத்து அந்தப் பலகைகளை எரித்துத்தான் நத்தாரைக் கழித்தார். இதெல்லாம் எனக்கு ஜனவரி நடுப்பகுதியில்தான் தெரிய வந்தது, பத்திரிகை போடும் பெடியன் வாய்தவறிச் சொன்னபடியால். 28 ஆம் திகதி காலை கடைக்கு முதல் ஆளாக வந்தவர் அந்தக் கிழவனார்தான். "நத்தார் நல்லாப் போச்சுதா?" என்று கேட்டார். சில்லறையை எண்ணி வைத்தார். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். ஒரு சொல் குறை சொல்லவில்லை.

அவருடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கவில்லை. பெயர் முழுதாகத் தெரியாது. "இரண்டு மூட்டைக்காரர்" என்றுதான் நானும் கணவரும் எங்களுக்குள் சொல்லுவோம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் ஒரு வீட்டு அடுப்பு காலையில் புகையாவிட்டால், பக்கத்து வீட்டுக்காரி வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து நின்று "என்ன பிள்ளை, சுகமில்லையோ?" என்று கேட்பாள். அப்படி வளர்ந்த நான், ஒரு வருசத்துக்கு மேலாக ஒரு மனிசனுக்குக் கரி விற்றும், அது தவிர அவருக்குச் சூடு கிடையாது என்பதை யோசித்துப் பார்க்கவில்லை. அவர் 2016 இல் காலமானார். அதுவரைக்கும் ஒவ்வொரு 24 ஆம் திகதியும் கரி மூட்டையை நானே கொண்டுபோய் வாசலில் வைத்தேன். முதல் முறை அந்தக் கோழிக்கூட்டின் வெறும் சட்டத்தையும் பார்த்தேன்.

இந்தச் சனம் முறையிடாது. கடை பூட்டியிருந்தால் பூட்டியிருக்கிறது என்று போய்விடும். அதனால் நாங்கள் இல்லாதது யாருக்கும் குறையில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 25, 26 என்ற அந்த இரண்டு நாளையும் எண்ணிப் பாருங்கோ. 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடை எதுவும் 25 ஆம் திகதி திறக்கக்கூடாது என்று 2004 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ரயில் ஓடாது. எங்கள் பக்கத்தில் 24 பின்னேரம் போகும் பஸ்ஸை விட்டால் 27 ஆம் திகதிதான் அடுத்தது. பின்னேரம் நாலு மணிக்கு முந்தியே பொழுது பட்டுவிடும். சூப்பர்மார்க்கட் பதினைந்து கிலோமீற்றர் தள்ளி. கார் ஓட்டுவதை விட்டுவிட்ட ஆட்களுக்கு அது இன்னொரு நாடு மாதிரி. அந்த நேரத்தில் வெளிச்சம் தெரியும் ஒரே சன்னல் எங்களுடையது.

25 ஆம் திகதி கடை திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது தவறென்றே சொல்லுவேன். வருசம் முழுக்க விடிய ஐந்து மணிக்குப் பத்திரிகைக் கட்டு அவிழ்க்கிறவர்களுக்கு ஒரு நாள் வேண்டும். பிள்ளைகளுக்கு அம்மாவும் அப்பாவும் ஒரு நாளாவது கல்லாப்பெட்டிக்கு வெளியே வேண்டும். கதவில் ஒட்டும் துண்டில் உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தை எழுதி விடுங்கோ, அது போதும். எனக்கு இத்தனை வருசத்தில் நத்தார் அன்று வந்த அழைப்பு நாலே நாலு. ஒன்று குழந்தைப் பால்மாவுக்கு. ஒன்று, ஒரு அம்மா தன் மகனின் இலக்கத்தை மறந்துபோய், எங்களிடம் இருக்கும் என்று நினைத்து எடுத்தது. இருந்தது.

இப்ப மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்துச் சனசமூக நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கோ. ஒரு வாங்கு, நாலு பத்திரிகை, ஒரு கரம் பலகை, பின்னேரம் வந்து கூடும் சனம். இங்கே மண்டபம் அந்த வேலையைத்தான் செய்கிறது. இங்கிலாந்தில் இப்படிக் கிராம மண்டபங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பலதும் முதலாம் உலகப் போரில் செத்த ஊர்ப் பெடியளின் நினைவாகக் கட்டியவை, எங்களுடையதும் அப்படித்தான். வாசலில் பதினொரு பெயர் பொறித்த கல் இருக்கிறது. அதில் ஒரே குடும்பப் பெயர் மூன்று தரம் வருகிறது. அந்தக் குடும்பத்து ஆட்கள் இப்பவும் எங்கள் கடையில் பால் வாங்குகிறார்கள்.

டிசம்பர் இரண்டாவது கிழமை மண்டபத்தில் முதியோருக்கு மதியச் சாப்பாடு. நான் முதன்முதலில் அதற்குள் காலடி வைத்தது 2011 இல். கரிக்காரரின் கதை நெஞ்சில் கிடந்து குத்தியதால்தான் போனேன். போய்ப் பார்த்தால் எல்லாம் பழக்கப்பட்ட காட்சி. மடக்கு மேசைகளை இரண்டு பேர் தூக்கி வந்து காலை உதைத்து விரிக்கிறார்கள். மூலையில் பெரிய தேத்தண்ணிக் கொதிகலம் இரைகிறது. போர்க்காலத்திலிருந்தே இருக்கும் இளம்பச்சைப் பீங்கான் கோப்பைகளை அடுக்குகிறார்கள். உள்ளே குசினியில் நாலு பொம்பிளையள், யார் ஸ்ப்ரவுட்டுக்கு உப்புப் போட்டது என்று வாக்குவாதம். எங்கள் கோயில் அன்னதான மடத்துக்குள் நின்ற மாதிரி இருந்தது. யாரும் என்னை வரவேற்கவில்லை. ஒருவர் ஒரு கத்தியையும் ஒரு வாளி உருளைக்கிழங்கையும் என் முன்னால் தள்ளி வைத்தார். அதைவிடப் பெரிய வரவேற்பு எனக்கு இந்த நாட்டில் அதற்கு முன் கிடைத்ததில்லை.

வான்கோழி, ஸ்ப்ரவுட், கிரேவி, அதற்குப் பிறகு புடிங். இந்த மாவட்டத்துக்கென்று ஒரு பழப்பாண் இருக்கிறது. உலர்ந்த முந்திரிகைப்பழம் போட்டது. நத்தார் நாட்களில் அதை வெட்டி, மேலே சீஸ் வைத்துச் சாப்பிடுவார்கள். பாணும் பழமும் சீஸுமா என்று நினைக்காதேங்கோ, நல்லாயிருக்கும். அடுத்த வருசம் நான் எங்கள் முறை உருளைக்கிழங்குக் கட்லட் நூறு கொண்டுபோனேன், உறைப்புக் குறைத்து. "ஏன் உறைப்பைக் குறைத்தாய்?" என்று கேட்டவர் எண்பது வயதுத் தோட்டக்காரர் ஒருவர். இப்ப குறைப்பதில்லை.

இந்தச் சாப்பாட்டை நடத்தும் குழுவில் ஒன்பது பேர். எழுபது வயதுக்குக் குறைந்தவர் நான் மட்டும்தான். மண்டபச் சாவி வைத்திருக்கும் அம்மாவுக்கு 81. மேசை தூக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்திருக்கிறது. இளம் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் அவர்கள் விடியப் போய் இருளத் திரும்புகிறவர்கள், வேலை நகரத்தில். பகலில் ஊரில் நிற்பவர்கள் வயதானவர்களும் நாங்களும்தான். இதை நான் ஒருக்கால் எழுதிவிட்டு மறுபடி வாசித்தேன். ஆம், அப்படித்தான். பகல் முழுக்க ஊரில் நிற்கும், கைகால் பலமுள்ள, எல்லாரையும் முகம் தெரிந்த ஆட்கள் யாரென்று பார்த்தால், எத்தனையோ ஆங்கிலக் கிராமங்களில் அது எங்கள் சனம்.

பாட்டைப் பற்றியும் சொல்லுகிறேன், ஏனென்றால் அங்கேதான் எங்களில் பலர் தயங்கி நிற்கிறோம். நத்தாருக்கு முந்திய கிழமை, ஒரு விவசாயியின் ட்ரக்டருக்குப் பின்னால் ட்ரெயிலர் பூட்டி, அதில் வைக்கோற் கட்டுகளை அடுக்கி, மின்விளக்குச் சரம் சுற்றி, பத்துப் பதினைந்து பேர் ஏறி ஊரைச் சுற்றிப் பாடி வருவார்கள். ஒருவர் ட்ரம்பெட் ஊதுவார். இரண்டு பிள்ளைகள் தகர உண்டியலோடு வீடு வீடாகத் தட்டுவார்கள். காசு ஏர் ஆம்புலன்சுக்குப் போகும். அந்த ஹெலிகொப்டர் சனம் போடும் காசில்தான் பறக்கிறது. முதல் வருசம் கடைக்குள் நின்று கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திருவெம்பாவைக் காலம் நினைவுக்கு வந்தது. மார்கழிக் குளிரில் விடிய நாலு மணிக்குச் சங்கு ஊதி, சேமக்கலம் அடித்து, ஒழுங்கை ஒழுங்கையாகப் பாடிக்கொண்டு வருவார்களே, அதேதான். அங்கே விடியற்காலை, இங்கே முன்னிரவு. வாசலில் விளக்கோடு நின்று காத்திருக்கும் கிழவி இரண்டு இடத்திலும் ஒருத்திதான். பாடிக்கொண்டு வருகிறவர்களுக்கு அங்கே சுடச்சுடத் தேத்தண்ணி கொடுப்போம். இங்கேயும் கொடுக்கலாமே என்று கதவைத் திறந்தேன். அன்றிலிருந்து ட்ரெயிலர் கடைசியாக நிற்கும் இடம் எங்கள் கடைவாசல்.

சமயம் வேறு என்று யோசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் சைவக்காரி. கல்லாப்பெட்டிக்கு மேலே பிள்ளையார் இருக்கிறார். கிறிஸ்டிங்கிள் என்று பிள்ளைகளுக்கு ஒரு வழிபாடு இருக்கிறது. ஒரு தோடம்பழம், அதைச் சுற்றிச் சிவப்பு நாடா, நாலு குச்சியில் இனிப்பும் உலர்பழமும், நடுவில் மெழுகுதிரி. பழம் உலகம், குச்சிகள் நாலு பருவம், திரி கிறிஸ்துவின் ஒளி. இது ஜெர்மனியில் 1747 இல் மொறேவியச் சபையார் தொடங்கியது. இங்கிலாந்துத் திருச்சபைக்குள் அது வந்தது 1968 இல், சிறுவர் நலச் சங்கத்து ஜோன் பென்சம் என்பவரால். முதல் வழிபாடு நடந்தது எங்கள் லிங்கன் பேராலயத்திலேயே. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேண்டிய தோடம்பழம் வருசாவருசம் எங்கள் கடையிலிருந்து போகிறது. என் மகள் ஆறு வயதில் அந்தத் தோடம்பழத்தைக் கையில் ஏந்திக்கொண்டு இருட்டுக்குள் நடந்து வந்தபோது, எனக்குக் கார்த்திகை விளக்கீடுதான் தெரிந்தது. பிள்ளையார் கோபித்ததாகத் தெரியவில்லை. விருப்பமில்லாதவர் வழிபாட்டுக்குப் போகத் தேவையில்லை. தோடம்பழத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். போதகர் ஒருவரே ஏழெட்டுத் தேவாலயங்களைப் பார்க்கிறார். 24 ஆம் திகதி அவர் கார் கடைக்கு முன்னால் நாலு தரம் பறக்கும். ஒரு சான்ட்விச்சைச் சுற்றி யன்னலுக்குள்ளால் நீட்டினால் அதுவும் தொண்டுதான்.

அதே மகள் இப்ப தேவாலயக் கோபுரத்தில் மணி அடிக்கிறாள். 2023 இல் மன்னர் முடிசூட்டுக்காக நாடு முழுக்க மணியடிக்க ஆள் தேடினார்களே, அந்த நேரம் பழகப் போனவள். எங்கள் கோபுரத்தில் ஆறு மணிகள் தொங்குகின்றன. ஆறையும் ஒரு வரிசை திரும்ப வராமல் மாற்றி மாற்றி அடித்தால் 720 விதம் என்று வந்து சொன்னாள். கணக்குப் பாடத்தில் படித்ததைக் கயிற்றைப் பிடித்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். 25 ஆம் திகதி காலை அந்த மணி அடித்த பிறகுதான் நாங்கள் லண்டனுக்குக் கார் எடுக்கிறோம். பிந்தித்தான் போகிறோம். மச்சாள் சாப்பாட்டைச் சூடாக்கி வைத்திருப்பாள். ஒருவரும் கோபிக்கவில்லை.

எங்கள் ஊரில் டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து ஒவ்வொரு இரவும் ஒரு வீட்டுச் சன்னலைச் சோடித்து வெளிச்சம் போடுவார்கள். முதல் நாள் ஒரு வீடு, அடுத்த நாள் இன்னொன்று, இப்படி 24 சன்னல். சனம் நடந்து போய்ப் பார்க்கும். 2014 இல் கடைசிச் சன்னலை எங்களுக்குத் தந்தார்கள். என் கணவர் மூங்கில் கிடைக்காமல் தோட்டத்து அவரைத் தடிகளை வளைத்து, ரிசுப் பேப்பர் ஒட்டி, நட்சத்திர வெளிச்சக்கூடு செய்து தொங்கவிட்டார். யாழ்ப்பாணத்தில் அவருடைய கத்தோலிக்கக் கூட்டாளிகளின் வீட்டு முற்றத்தில் நத்தாருக்குத் தொங்குமே, அதுதான். அன்றிரவு எண்பது பேர்வரை கடைக்கு முன்னால் தெருவில் நின்றார்கள். லிங்கன் நகரத்தில் 1982 இல் தொடங்கிய பெரிய நத்தார் சந்தை, கூட்டம் தாங்க முடியாமல் 2023 இல் நிறுத்தப்பட்டது. நான் இரண்டு தரம் போயிருக்கிறேன், நெரிசலில் கோபுரத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என் கடைவாசலில் நின்ற எண்பது பேரில் எழுபத்தைந்து பேரின் பெயர் எனக்குத் தெரியும். எனக்கு இது பெரிது.

"நீ சொல்லுவாய் அக்கா, உங்கடை ஊர்ச்சனம் நல்ல சனம்" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. எல்லா ஊரும் ஒன்றில்லை. எங்கள் ஊரிலும் பதினைந்து வருசமாக என் முகத்தைப் பார்த்துக் கதைக்காத ஆட்கள் உண்டு. 2024 ஆகஸ்டில் நகரங்களில் கடைகளை உடைத்துத் தீ வைத்தபோது நானும் மகளைக் கடைக்கு முன்பக்கம் வரவிடாமல் வைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மண்டபக் குழுவில் மூன்று பேர் வந்து, ஆளுக்கொரு பத்திரிகை வாங்கி, கடைக்குள் இருந்த வாங்கில் இருந்து பூட்டும் மட்டும் வாசித்தார்கள். என்ன ஏதென்று ஒன்றும் கதைக்கவில்லை. அவர்களோடு பதின்மூன்று வருசம் உருளைக்கிழங்கு சீவியிருக்காவிட்டால் வந்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. வந்தார்கள், அதுதான் தெரியும்.

தபாற்கந்தோர் நடத்துகிறவர்களுக்கு ஹொரைசன் என்ற கணக்குக் கணினி செய்த கொடுமையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 1999 க்கும் 2015 க்கும் இடையில் 900 க்கும் மேற்பட்டவர்கள் கள்ளர் என்று தீர்க்கப்பட்டார்கள். கணக்கில் காசு குறைந்தது கணினியின் பிழை. ஊரே ஒதுக்கி, கடைக்குள் வந்து துப்பியதால் வீடு விற்று ஓடினவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எங்கள் தெற்காசியச் சனம் எத்தனை பேர். ஆனால் ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற சின்னக் கிராமத்தில் கடை நடத்திய ஜோ ஹாமில்டனுக்கு நடந்ததையும் நினைத்துப் பாருங்கோ. 36,000 பவுண் குறைகிறது என்று அவர்மேல் வழக்கு. ஊர்ச்சனம் காசு சேர்த்துக் கொடுத்தது. 2008 இல் தண்டனை சொல்லும் நாளில் நீதிமன்றத்துக்குத் திரண்டுபோய் இருந்தது. அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர 2021 ஆனது. ஊருக்கு அது பதின்மூன்று வருசம் முந்தியே தெரிந்திருந்தது. நாடெங்கும் சிதறிக் கிடந்த தபாலதிபர்கள், போராட்டத்தை முன்னின்று நடத்திய அலன் பேட்ஸோடு முதன்முதலில் ஒன்றுகூடினார்களே, 2009 நவம்பரில், அது எங்கே? லண்டனில் இல்லை. வோரிக்ஷயரில் ஃபெனி கொம்ப்டன் என்ற ஊரின் கிராம மண்டபத்தில். எங்களைக் காப்பாற்றிய போராட்டம் மடக்கு மேசையும் தேத்தண்ணிக் கொதிகலமும் உள்ள ஒரு அறையில்தான் தொடங்கியது. அதனால்தான் மண்டபத்தைப் பற்றி இவ்வளவு நேரம் கதைத்தேன்.

கடைசியாக ஒரு காரியம். இது நத்தார் முடிந்து வரும் ஜனவரிக்கு. உங்கள் ஊரின் பாரிஷ் கவுன்சிலில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கக்கூடும். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். பாரிஷ் என்ற சொல்லைக் கேட்டு அது தேவாலயக் காரியம் என்று நான் பல வருசம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1894 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது தேவாலயத்திலிருந்து பிரிந்து தனி ஊர்ச்சபையாகிவிட்டது. இலங்கையில் எங்கள் ஊர்களில் பழைய கிராமச் சங்கம் இருந்ததே, அது போல. விளையாட்டிடம், வாங்கு, தெருவிளக்கு, இடுகாடு. எங்கள் ஊரில் ஒரு பவுணுக்கு வாங்கிய பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டில் இதய அதிர்வுக் கருவி வைத்தது அந்தச் சபைதான். ஜனவரிக் கூட்டத்தில் அடுத்த வருசத்துக்கு வீட்டு வரியோடு எவ்வளவு சேர்த்து வாங்குவது என்று தீர்மானிப்பார்கள். மண்டபத்துக்குக் குளிர்காலச் சூடாக்கிச் செலவு கொடுப்பதா, ஜனவரி பெப்ரவரி இரண்டு மாதம் பூட்டிவைப்பதா என்பதும் அங்கேதான் முடிவாகும். இந்த வருசம் எங்கள் ஊரில் அந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. ஒரு வீட்டுக்குக் கிழமைக்குச் சில பென்ஸ் கூடினால் மண்டபம் திறந்திருக்கும். நான் கூட்டுவதற்குக் கை உயர்த்தப் போகிறேன். 2019 முதல் நானும் அந்தச் சபையில் ஒரு ஆள்.

பிரித்தானியக் குடியுரிமை இருந்தாலும் சரி, இலங்கை, இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டவராக நிரந்தர வதிவிட அனுமதி இருந்தாலும் சரி, உங்களால் அந்தச் சபையில் இருக்க முடியும். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். அந்த ஊர் வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால் போதும். இல்லாவிட்டால் பன்னிரண்டு மாதமாக அந்த ஊரிலோ அதிலிருந்து மூன்று மைலுக்குள்ளோ குடியிருந்திருந்தாலும், உங்கள் முக்கிய வேலை அந்த ஊரில் இருந்தாலும் சரி. கடை வேறு ஊர், வீடு வேறு ஊர் என்கிறவர்களுக்கும் இடமுண்டு. சம்பளம் இல்லை. எங்கள் ஊரில் மாதத்துக்கு ஒரு கூட்டம், இரண்டு மணித்தியாலம். ஆங்கிலம் தடக்கும் என்று பயந்தேன். முதல் கூட்டத்தில் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: தனியே இருக்கிறவர்களின் பட்டியல் யாரிடம் இருக்கிறது? ஒருவரிடமும் இல்லை. இப்ப கடையில், கல்லாப்பெட்டிக்குக் கீழே, ஒரு நீலக் கொப்பியில் இருக்கிறது. முப்பத்தொரு பெயர், அவரவரிடம் கேட்டு, அவர்கள் விருப்பத்தோடு எழுதியது. யாருக்கு என்ன சூடு, எரிவாயுவா, எண்ணெயா, கரியா என்பதும் அதில் உண்டு.

மகள் வருகிற செப்டம்பரில் பல்கலைக்கழகம் போகிறாள். கோபுரத்து ஆறு மணிகளையும் அடிக்க ஐந்து பேர்தான் மிஞ்சுவார்கள். பக்கத்து ஊர்களில் கடை வைத்திருக்கும் உங்களில் யாருக்காவது பதினொன்று பன்னிரண்டு வயதில் பிள்ளை இருந்தால் வியாழக்கிழமை பின்னேரம் ஏழரைக்குக் கோபுரத்துக்கு அனுப்புங்கோ. கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு.

இன்றைக்கு ட்ரெயிலர் ஏழு மணிக்கு எங்கள் வாசலுக்கு வரும். அறுபது ரோல்ஸ் பொரிக்க வேண்டும். கணவர் வெளிச்சக்கூட்டுக்குப் புதுப் பேப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறார், பசை காயவில்லை என்று புறுபுறுக்கிறார். இத்துடன் நிறுத்துகிறேன்.

அன்புடன்,
லிங்கன்ஷயரிலிருந்து உங்கள் கடைக்கார அக்கா